பழைய ஆட்டோமேட்டிக் காருக்குக் கியர்பாக்ஸ் ஆயில்: வீட்டில் மாற்றலாமா, வெளியே கொடுக்கலாமா, தொடாமலே விடலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதான ஆட்டோமேட்டிக் காருக்குக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றலாமா என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் வரும். சர்வீஸ் சென்டரில், ‘அது ஆயுள் முழுக்க வரும் ஆயில் சார், மாற்றத் தேவையில்லை’ என்பார்கள். தெருமுனை மெக்கானிக், ‘ஓடுகிற வண்டியைத் தொடாதீர்கள், புது ஆயில் ஊற்றினால்தான் கியர்பாக்ஸ் போகும்’ என்பார். புறவழிச்சாலையில் புதிதாகத் திறந்த கடையில் ஓர் இயந்திரத்தைக் காட்டி, ‘ஒரு மணி நேரத்தில் பழையது மொத்தத்தையும் எடுத்துவிடுவோம்’ என்பார்கள். நான்காவது ஆள் யூடியூபில் இருக்கிறார். வீட்டு வாசலிலேயே ஒரு போல்ட்டைக் கழற்றி, வடித்து, ஊற்றி, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார். நால்வரில் யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. அதனால்தான் கேட்டவருக்குக் குழப்பம் தீர்வதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இருந்தால், வீட்டிலோ தெரிந்த மெக்கானிக்கிடமோ வடித்து ஊற்றுவதே பெரும்பாலானவர்களுக்கு ஏற்ற வழி. டிப்ஸ்டிக் இல்லையென்றால், அதற்கான கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆயிலை வடிப்பதும் ஊற்றுவதும் யாரும் செய்யக்கூடிய வேலை. உள்ளே போன அளவு சரியா என்று பார்ப்பதில்தான் காரியம் கெடுகிறது.

## எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக் கார்களைப் பற்றித்தான் பேசுகிறேன். 2008 முதல் 2013 வரை வந்த ஹோண்டா சிட்டியின் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், ஹூண்டாய் ஐ10-இன் நான்கு கியர் ஆட்டோமேட்டிக், பழைய கொரோலா, சிவிக் போன்றவை. 2014-இல் செலேரியோவுடன் நம் ஊரில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வேறு சாதி, அது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் கருவி செய்கிறது. அதில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலான ஏ.டி.எஃப்.-க்கு வேலையில்லை. இரட்டைக் கிளட்ச் உள்ள டி.சி.டி.யும் அப்படியே தனிக் கதை. தனித்தனிக் கியர் இல்லாமல் பெல்ட்டில் இயங்கும் சி.வி.டி.க்கு அளவு பார்க்கும் முறையெல்லாம் ஏறத்தாழ இதேதான், ஆனால் அதற்கென்று விற்கும் சி.வி.டி. ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. உங்கள் கார் எந்த வகை என்று தெரியாவிட்டால் கையேட்டின் பின்பக்கத்தில் இருக்கும் ஆயில் அட்டவணையைப் பாருங்கள். அந்த அட்டவணை எப்படியும் தேவைப்படும்.

## வண்டியின் நிலையைப் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

டிப்ஸ்டிக்கை எடுத்து, ஒரு துளியை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். கருஞ்சிவப்பு அல்லது பழுப்பு என்றால் கவலை இல்லை. ஓடிய ஆயில் அப்படித்தான் இருக்கும், நிறத்தை மட்டும் வைத்துப் பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். மோந்து பாருங்கள். தீய்ந்த வாடை வந்து, துளியின் நடுவில் கரும்பொடி தங்கி நின்றால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து வந்திருக்கின்றன என்று பொருள். ஆயில் ரோஸ் மில்க் போல வெளிறிய இளஞ்சிவப்பில் நுரைத்திருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் கலந்துவிட்டது. அந்த வண்டியை இனி ஓட்ட வேண்டாம். கீழே சொல்லும் எந்த வழியும் அதற்கு மருந்தில்லை.

பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். காலையில் முதல் முறை டி-யில் போட்டதும் வண்டி உடனே பிடிக்கிறதா, இரண்டு மூன்று விநாடி யோசிக்கிறதா? மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா? இரண்டாவதற்கு விடை ‘ஆம்’ என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அந்த நிலையில் ஆயில் செலவு பெரும்பாலும் வீண்.

புது ஆயில் கியர்பாக்ஸைக் கொல்லும் என்ற நம்பிக்கை பிறப்பதும் இங்கேதான். வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு ஆயில் நினைவு வருகிறது. மாற்றுகிறார்கள், அடுத்த மாதம் கியர்பாக்ஸ் நிற்கிறது, பழி ஆயில் மேல் விழுகிறது. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. புது ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் வேதிப்பொருள் வீரியமாக இருக்கும். பல ஆண்டுப் படிவு ஒரே நேரத்தில் கிளம்பினால், கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் சிக்கலாம். முழுவதையும் ஒரே நாளில் மாற்றுவதைவிடப் பகுதி பகுதியாக மாற்றுவது பழைய வண்டிக்கு நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்?

ரூபாய்க் கணக்கு ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும் என்பதால் லிட்டரில் பேசுகிறேன். செலவில் பெரும்பங்கு ஆயில்தான்.

முதல் அளவுகோல், பழைய ஆயிலில் எவ்வளவு உண்மையில் வெளியேறுகிறது என்பது. இரண்டாவது, உள்ளே போகும் ஆயில் எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள். மூன்றாவது, அளவு எவ்வளவு துல்லியமாக அமையும். நான்காவதைப் பலர் நினைப்பதே இல்லை: வேலை நடக்கும்போது கியர்பாக்ஸின் உள்நிலையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியவரும்? கடைசியாக மறைமுகச் செலவு. வாங்கி ஒருமுறை மட்டும் பயன்படும் கருவி, மிச்சமாகும் அரை டப்பா, போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டிக்கு அடியில் படுக்கும் ஆபத்து எல்லாம் இதில் அடங்கும்.

முதல் அளவுகோலுக்கு ஒரு கணக்கு தேவை. மொத்தம் 6 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் வடி போல்ட்டைத் திறந்தால் ஏறத்தாழ இரண்டரை லிட்டர்தான் வரும். மீதி டார்க் கன்வர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் வால்வு பாடியிலும் தங்கிவிடும். மெர்சிடிஸின் 124 வரிசைக் கார்களில் கன்வர்ட்டருக்கே தனியாக ஒரு வடி போல்ட் இருந்தது. இன்று நாம் ஓட்டும் ஜப்பானிய, கொரியக் கார்களில் அந்த வசதி இல்லை. ஆகவே ஒருமுறை வடித்து ஊற்றினால் 42 சதவீதம் புதிதாகும். ஓட்டிக் கலக்கவிட்டு மீண்டும் செய்தால் 66, மூன்றாவது முறைக்கு 80, நான்காவது முறைக்கு 88. மூன்றாவது இரண்டரை லிட்டர் 14 சதவீதம் தருகிறது. நான்காவது 8 மட்டுமே. மூன்றோடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

| வழி | புதிதாகும் பங்கு | வாங்க வேண்டிய ஆயில் | அளவுத் துல்லியம் | உள்நிலை தெரியுமா? | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| தொடாமல் விடுவது | 0 | 0 | பொருந்தாது | தெரியாது | பின்னால் வரும் ஓவர்ஹால் |
| வடித்து ஊற்றுவது, ஒருமுறை | சுமார் 40% | 3 லிட்டர் | டிப்ஸ்டிக் இருந்தால் மிக நன்று | போல்ட்டின் காந்தம் சொல்லும் | ஸ்டாண்ட், புனல், வாஷர் |
| வடித்து ஊற்றுவது, மூன்று முறை | சுமார் 80% | 8 லிட்டர் | அதேதான் | மூன்று முறை பார்க்கலாம் | நேரம் |
| சம்ப் (ஆயில் தேங்கும் அடித்தட்டு) கழற்றி ஃபில்டருடன் | சுமார் 40–50% | 3 முதல் 4 லிட்டர் | அதேதான் | மிக நன்றாகத் தெரியும் | கேஸ்கெட், மரை கெடும் ஆபத்து |
| இயந்திர மாற்றம் | 90% வரை | 10 முதல் 12 லிட்டர் | ஆளைப் பொறுத்தது | பெரும்பாலும் தெரியாது | யாருடைய ஆயில் என்ற சந்தேகம் |

6 லிட்டர் கியர்பாக்ஸை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது. உங்கள் காரின் எண்களைக் கையேட்டிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

## தொடாமல் விடுவது

சோம்பலுக்கு இது சாக்காகவும் இருக்கலாம், சரியான முடிவாகவும் இருக்கலாம். கிளட்ச் வழுக்கும் வண்டி, இன்னும் சில மாதத்தில் விற்கப்போகும் வண்டி, முந்தைய உரிமையாளர் அண்மையில் மாற்றியதற்கு ரசீது இருக்கும் வண்டி ஆகிய மூன்றிலும் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

‘ஆயுள் முழுக்க’ என்ற வாக்குறுதியை நம்பி விடுவது வேறு. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் பல ஐரோப்பியக் கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தருகிறது. அந்த நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதே கியர்பாக்ஸை வாங்கிப் பொருத்திய கார் நிறுவனங்கள் மாற்றத் தேவையில்லை என்று சொல்லிவந்தன. செய்தவன் பேச்சைக் கேட்பதா, விற்றவன் பேச்சைக் கேட்பதா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

நம் ஊர் நிலைமையும் சேர்ந்துகொள்கிறது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும்போது டார்க் கன்வர்ட்டருக்குள் ஆயில் அரைபட்டுச் சூடாகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆக்ஸிஜனேற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எண்ணெய் வேதியியலில் பழகிய கணக்கு. பல கையேடுகளில் சாதாரணப் பயன்பாடு, கடினப் பயன்பாடு என்று இரண்டு அட்டவணை இருக்கும். நெரிசல், கடும் வெயில், மலைப்பாதை எல்லாம் இரண்டாவதில் சேரும். மே மாதத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் வேலைக்குப் போய்வந்து, விடுமுறைக்குக் கொடைக்கானல் ஏறுகிறவர் தன்னைச் சாதாரணப் பயன்பாட்டில் சேர்த்துக்கொள்ள முடியாது.

தொடாமல் விடுவதன் மறைமுகச் செலவு ஒரே தவணையில் வருகிறது: ஓவர்ஹால். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. பழைய மாடலுக்குக் கிளட்ச் தட்டு கிடைக்கும்வரை வண்டி மழையிலும் வெயிலிலும் நிற்கும்.

## வீட்டில் வடித்து ஊற்றுவது

ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக்குகளுக்கு அந்த நிறுவனத்தின் செய்முறையே இதுதான்: வடித்து, ஊற்றி, எல்லாக் கியரிலும் ஓடவிட்டு, மறுபடி வடிப்பது. அவற்றில் கழற்றக்கூடிய சம்ப்பே கிடையாது, ஃபில்டர் உள்ளே இருக்கிறது. ஆகவே சிட்டி, சிவிக் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த வழியைப் படிக்கும் வேலைகூட மிச்சம்.

இதன் பெரிய பலன், ஆயிலை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது. ஹோண்டாவுக்கு முன்பு இசட்-1, இப்போது அதற்குப் பதிலாக டி.டபிள்யூ.-1. ஐ10-க்கு எஸ்.பி.-3. பழைய டொயோட்டாவுக்கு டைப் டி-4, பிந்தையவற்றுக்கு டபிள்யூ.எஸ். உதிரிபாகக் கடையில் ‘ஏ.டி.எஃப். கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டீர்களானால், பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலை எடுத்து வைப்பார்கள். நிறமும் அதே, டப்பாவில் அச்சிட்ட மூன்று எழுத்தும் அதே. பெரும்பாலும் அது டெக்ஸ்ரான் 3 வகையாக இருக்கும். டெக்ஸ்ரான் பெயருக்கு உரிமையுள்ள ஜெனரல் மோட்டார்ஸ், 2005-இல் டெக்ஸ்ரான் 6 வந்த பிறகு மூன்றாம் வகைக்கு உரிமம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. அந்த டப்பாவுக்குள் இருப்பதற்கு இன்று தயாரித்தவரின் வாக்கு மட்டுமே உத்தரவாதம்.

வகை மாறினால் என்ன ஆகும்? கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்கிப் பிறகு பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலில் கலந்த உராய்வுப் பொருள்தான் தீர்மானிக்கிறது. அது பொருந்தாவிட்டால், சீரான வேகத்தில் போகும்போது கன்வர்ட்டரை நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் சேரும் தருணத்தில் வண்டி அதிரும். (அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம்வரை இந்த உராய்வு வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைத்தான் சேர்த்தார்கள். தடை வந்து மாற்றுப் பொருளுக்குப் போனபோது கியர்பாக்ஸ் பழுதுகள் கூடின. ஒரு சிறு சேர்மானத்துக்கு அவ்வளவு செல்வாக்கு.)

இரண்டாவது பலன், காந்தம். பல கார்களில் வடி போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் இருக்கும். கழற்றியதும் அதில் சாம்பல் நிறக் களிம்பு கூம்பாக நிற்கும். இரு விரலால் தேய்த்துப் பாருங்கள். மை போல வழவழவென்று இருந்தால் அது வயதுக்குரிய தேய்மானம், துடைத்துவிட்டு மேலே போகலாம். நெருடினால், வெயிலில் பிடிக்கும்போது சிறு செதில்கள் மின்னினால், எங்கோ பேரிங்கோ கியரோ உதிர்கிறது. இந்தத் தகவலுக்காகவே ஒருமுறையாவது நீங்களே கழற்றிப் பார்க்கலாம். சர்வீஸ் ரசீதில் இது வராது.

இனி அளவு. பழைய கார்களில் டிப்ஸ்டிக் பார்க்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஹோண்டாவில் ரேடியேட்டர் மின்விசிறி ஓடும்வரை சூடாக்கி, இன்ஜினை அணைத்து, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். டொயோட்டாவில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து எல்லா நிலைக்கும் லீவரை நகர்த்தி, மீண்டும் பி-க்கு வந்து, சூடான குறிக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹூண்டாயிலும் ஓடும் இன்ஜினில்தான். ஹோண்டா முறையை டொயோட்டாவில் கடைப்பிடித்தால், கன்வர்ட்டரிலிருந்து இறங்கிய ஆயிலையும் சேர்த்து அளந்துவிட்டு, நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். குறைந்தால் பம்ப் காற்றை இழுத்துக் கிளட்ச் வழுக்கும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் தாங்காது. இரண்டும் ஒரே கதியில்தான் முடியும்.

எளிய காப்பீடு ஒன்று உண்டு: வடிந்ததை அளந்து, அதே அளவை ஊற்றுவது. பழைய தண்ணீர் பாட்டில்களில் லிட்டர் குறியிட்டு வைத்துக்கொண்டால் போதும். வடிக்கும் முன்பே டிப்ஸ்டிக் சரியான குறியில் நின்றதா என்று பார்த்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். முன்பே அரை லிட்டர் குறைவாக ஓடிய வண்டிக்கு, வடிந்ததை அளந்து ஊற்றினால் அதே குறை தொடரும்.

டிப்ஸ்டிக்கைத் துடைக்க ஒர்க்‌ஷாப்களில் கிடக்கும் வேஸ்ட் காட்டனைத் தொடவே வேண்டாம். ஒரு நூல் உள்ளே போனால் வால்வு பாடியில்தான் போய் உட்காரும். இழை உதிராத துணியோ, கெட்டியான டிஷ்யூவோ போதும்.

மறைமுகச் செலவில் முதலிடம் பாதுகாப்புக்கு. வண்டியோடு வரும் ஜாக்கி, பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டும். அதை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுப்பதும் கூடாது; அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். தூக்கிய வண்டியைத் தாங்கும் ஆக்ஸில் ஸ்டாண்ட் வாங்க வேண்டும், சக்கரத்துக்கு ஆப்பு வைக்க வேண்டும், அளவு பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் இதற்கு இடமும் அனுமதியும் இருக்கிறதா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக் குழாய் குறுகலானது. நீண்ட மெல்லிய புனல் இல்லாமல் ஊற்றினால் பாதி இன்ஜின் மேல் வழியும். வடி போல்ட்டுக்குப் புது வாஷர் வேண்டும். ஹோண்டா போல்ட்டுக்கு 49 நியூட்டன் மீட்டர் இறுக்கம். அதற்கு மேல் பலம் காட்டினால் அலுமினிய மரை போய்விடும், பிறகு மிச்சம் பிடித்த பணம் முழுவதும் லேத் பட்டறைக்கு.

இன்னொன்று: வடிக்கும் முன் ஊற்றும் வழி திறக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆயில் போல்ட்டும் கியர்பாக்ஸ் போல்ட்டும் அருகருகே இருக்கும் கார்களில் தவறானதைத் திறந்து, இன்ஜினைக் காலி செய்துவிட்டு, கியர்பாக்ஸில் இரட்டிப்பாக ஊற்றியவர்கள் உண்டு. வருவது தேன் நிறமோ கறுப்போ என்றால் நிறுத்தி யோசியுங்கள்.

வண்டிக்கு அடியில் படுக்க விருப்பமில்லையா? நான் பலருக்கும் பரிந்துரைக்கும் இடைவழி இது. ஆயிலையும் வாஷரையும் நீங்களே வாங்கிக்கொண்டு, லிஃப்ட் இருக்கும் தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள். ‘அண்ணே, வடிகிற ஆயிலைக் கொட்டிவிட வேண்டாம், அளந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். கூலி கொஞ்சம்தான், காந்தத்தையும் பார்த்துவிடலாம்.

யாருக்கு இது ஏற்றது: டிப்ஸ்டிக் உள்ள வண்டி, பழைய வரலாறு தெரியாத வண்டி, இன்னும் சில ஆண்டு வைத்திருக்கப்போகும் வண்டி. வரலாறு தெரியாவிட்டால் மூன்று முறையையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டாம். ஒருமுறை மாற்றி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, கியர் மாறுவதில் வேறுபாடு இல்லையென்றால் அடுத்தது.

## சம்ப்பைக் கழற்றி ஃபில்டருடன் மாற்றுவது

அடியில் சம்ப் உள்ள கார்களுக்கு, குறிப்பாகப் பழைய டொயோட்டாக்களுக்கு மட்டும். வெளியேறும் ஆயில் வடிப்பதைவிடச் சிறிதே அதிகம். இந்த வழியின் மதிப்பு ஆயிலில் இல்லை. சம்ப்பின் தரையில் ஒட்டியிருக்கும் காந்தங்களையும் அங்கே படிந்த வண்டலையும் பார்க்கலாம், துடைக்கலாம், வடிகட்டியைப் புதுப்பிக்கலாம்.

ஆனால் வீட்டில் முதல்முறை செய்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். சம்ப்பைச் சுற்றி இருக்கும் போல்ட்கள் சிறியவை. பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டருக்கும் குறைவான இறுக்கம்தான் கேட்கும். ஸ்பானரில் பழகிய கை அதை எளிதில் தாண்டிவிடும். கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்று சிலிகானை அள்ளிப் பூசுவார்கள். உள்பக்கம் பிதுங்கியது பின்னாளில் உரிந்து, புதிதாகப் போட்ட வடிகட்டியையே அடைக்கும். சம்ப் இறங்கும்போது ஆயில் நான்கு பக்கமும் வழியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சம்ப்பே திறக்கப்படாத வண்டி என்றால், ஒருமுறை நல்ல மெக்கானிக்கிடம் இதைச் செய்து, அதற்குப் பிறகு வீட்டில் வடித்து ஊற்றிக்கொண்டு போகலாம்.

## இயந்திரத்தால் முழு மாற்றம்

கூலர் குழாயைக் கழற்றி இயந்திரத்தில் பொருத்துவார்கள். கியர்பாக்ஸின் பம்ப் பழைய ஆயிலைத் தள்ள, அதே வேகத்தில் புதியது உள்ளே போகும். கொள்கை நல்லது. ஒரே அமர்வில் பத்தில் ஒன்பது பங்கு புதிதாகிவிடும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. உள்ளே போவது என் காருக்குரிய வகையா, எல்லாக் காருக்கும் ஊற்றும் பீப்பாய் ஆயிலா? சீல் உடைக்காத டப்பாவை என் கண் முன்னால் திறப்பீர்களா? முந்தைய வண்டிக்கு ஊற்றியது இயந்திரத்தின் குழாயில் மிச்சம் இருக்கிறதா? சுத்தம் செய்யும் திரவம் எதையாவது முதலில் கலக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால், பழைய வண்டியாக இருந்தால் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள். கரைத்து விடப்படும் படிவு போய்ச் சேரப் பழைய ஃபில்டரும் வால்வு பாடியும்தான் இருக்கின்றன.

10 முதல் 12 லிட்டர் என்பது சிறு செலவல்ல. மூன்று முறை வடித்து ஊற்றுவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆயில் வாங்கி, கூடுதலாகக் கிடைப்பது அதிகம் போனால் பத்துச் சதவீதம். அந்தப் பத்துக்காக நான் பணம் கொடுக்க மாட்டேன்.

ஆனாலும் இது வெல்லும் இடங்கள் உண்டு. முறையாக மாற்றிவந்த, வரலாறு தெரிந்த வண்டிக்கு ஒரே நாளில் வேலை முடிய வேண்டும் என்றால் இது நல்ல வழி. தவறான வகை ஆயில் ஊற்றப்பட்டுவிட்டது, அதைக் கூடியவரை முழுமையாக எடுக்க வேண்டும் என்றாலும் இதுதான்.

டிப்ஸ்டிக் இல்லாத கார்களையும் கருவி வைத்திருப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். அவற்றில் அடியில் ஒரு வழிவு போல்ட் இருக்கும். பல டொயோட்டாக்களில் ஆயில் 40 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது அதைத் திறந்து, சொட்டுச் சொட்டாக வழியும் நிலையைப் பிடிக்க வேண்டும். வெப்பத்தைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், இன்ஜின் ஓட, வண்டி நான்கு சக்கரமும் சமமாக உயரத்தில் நிற்க வேண்டும். சென்னை மே மாத மதியத்தில் கிளப்பிய சில நிமிடத்திலேயே அந்த வெப்பம் தாண்டிவிடும். விடியற்காலையில் லிஃப்ட்டோடும் ஸ்கேனரோடும் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் அது சாத்தியம், மொட்டை மாடி நிழலில் நிற்கும் நமக்கு அல்ல.

இதே முழு மாற்றத்தை வீட்டில் ஒரு வாளியை வைத்துக் கூலர் குழாய் வழியாகச் செய்யும் காணொளிகளும் இருக்கின்றன. ஒருவர் இன்ஜினைக் கிளப்ப, மற்றவர் வாளியைப் பார்த்துக் கத்த, ஒரு லிட்டர் வந்ததும் அணைத்து, ஒரு லிட்டர் ஊற்றி, மறுபடி. சில விநாடி தாமதித்தால் பம்ப் வறண்டு ஓடும். பழகியவர்கள் செய்யட்டும்.

## வடித்த ஆயில்

எந்த வழியில் போனாலும் சில லிட்டர் பழைய ஆயில் கையில் நிற்கும். சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் அடங்கும். சமையலறை டப்பாவில் ஊற்றிக் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும் ஆபத்து. மூடியுள்ள பழைய ஆயில் டப்பாவில் நிரப்பி, பயன்படுத்திய ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். வடித்ததில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை மட்டும் எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி அலமாரியில் வையுங்கள். அடுத்த முறை வடிப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும்.